காலையில் மட்டும் அடம்பிடித்த பிக்கப்
உசிலம்பட்டியிலிருந்து மாட்டுத்தாவணிக்குப் பூ ஏற்றும் டீசல் பிக்கப். ராத்திரி நின்றால், விடியக்காலையில் செல்ஃப் நன்றாகச் சுற்றும்; இன்ஜின் பிடிக்காது. ஓடிச் சூடான பிறகு தொட்டதும் பிடிக்கும். மதுரை வெக்கையில், குளிர்ந்த இன்ஜினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கைச் சந்தேகப்பட எனக்கு மனசு வரவில்லை.

மெக்கானிக் இன்ஜினுக்கு டீசல் அடிக்கும் பெரிய பம்பை இறக்கலாம் என்றார். "இருங்கண்ணே" என்று டீசல் ஃபில்டர் மேலுள்ள, கையால் டீசலை ஏற்றும் கைப்பம்பை அமுக்கினேன். முதலில் லொடலொடவென்று போனது. டீசல் நிரம்பி, அமுக்கக் கெட்டியானதும் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட்! அப்படியென்றால் நின்ற நேரத்தில் டீசல் டேங்குக்கே இறங்குகிறது, எங்கோ காற்று இழுக்கிறது. ஃபில்டருக்கு முன்னால் உள்ளே தெரிகிற டியூப்பை மாட்டினால், வரிசையாகக் குமிழி. உறிஞ்சும் பக்கம் என்பதால் வெளியே ஒரு சொட்டுக் கசிவில்லை. அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். டேங்க் பக்கத்துக் கிளிப்புக்கு அடியில் ரப்பர் ஹோஸ் மயிரிழையாக வெடித்திருந்தது. ஹோஸையும் கிளிப்பையும் மாற்றி, காற்றை எடுத்துவிட்டேன். அந்தப் பெரிய பம்பில் கை வைக்கவே இல்லை.