நன்னாரி: பெயரிலேயே தொடங்கும் தவறு

ஆந்திர எல்லையிலுள்ள குப்பம் என்ற ஊரிலிருந்து பலமநேர் போகும் வழியில், வெயில் ஏறியதும் தள்ளுவண்டிகளில் நன்னாரி சர்பத் பாட்டில்கள் வரிசை கட்டிவிடும். அந்த ருசியில் மயங்கி வீட்டில் ஒரு கொடி வைக்க ஆசைப்படுகிறவர்கள், முதல் தவறைச் சந்தையிலேயே செய்துவிடுகிறார்கள்.

எங்கள் எல்லைப் பக்கத்தில் நன்னாரி என்ற ஒரே பெயரில் இரண்டு செடிகளின் வேர்கள் விற்பனையாகின்றன. ஒன்று உண்மையான நன்னாரி, தெலுங்கில் சுகந்திபாலா. வேர் கம்பி போல ஒல்லியாகவும் முறுக்காகவும் இருக்கும். மற்றொன்று மாகாளிக்கிழங்கு. விரல் பருமனுக்கும் மேல் திரண்ட, சதைப்பற்றுள்ள வேர். மோரில் ஊறுகாய் போடுவோமே, அதுதான். இரண்டுக்கும் மணம் தரும் முதன்மையான வேதிப்பொருள் ஒன்றே என்பதால், மூக்கை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். ராயலசீமையில் சர்பத்துக்கு மாகாளி வேரைப் போடுவது வழக்கம்தான். குடிப்பதற்கு அதில் குறையில்லை. ஆனால் சித்த மருத்துவர் நன்னாரி என்று எழுதிக் கொடுத்தால், மாகாளியை வாங்கி வந்து கஷாயம் வைக்கக் கூடாது. மாகாளியைக் காடுகளில் வேரோடு பெயர்த்துப் பெயர்த்தே, அது இன்று அழியும் ஆபத்தில் உள்ள இனமாகிவிட்டது.

கொடியைத் தேடும்போது பலர் இலையைக் கசக்கி முகர்ந்து பார்க்கிறார்கள். இலையில் அந்த வாசனை கிடையாது, வேர்ப்பட்டையில்தான் இருக்கிறது. இலை அகலத்தையும் நம்ப வேண்டாம். ஒரே கொடியில் ஊசி போன்ற இலையும் உண்டு, அகன்ற இலையும் உண்டு. கரும்பச்சை இலையின் நடுவே ஓடும் வெள்ளைக் கோடு, எதிரெதிராக அமைந்த இலைகள், கிள்ளினால் கசியும் பால், இவற்றோடு வேரின் மணமும் சேர்ந்தால்தான் நன்னாரி என்று உறுதியாகச் சொல்லலாம்.

நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய காய்ந்த வேரை நட்டுவிட்டுக் காத்திருப்பது வீண், அது துளிர்க்காது. மழைக்காலத் தொடக்கத்தில் பச்சை வேர்த்துண்டையோ முற்றிய தண்டையோ நடுங்கள். நான் முதலில் ஆழமில்லாத தொட்டியில் வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றினேன், வேர் அழுகிவிட்டது. எங்கள் ஊர்ச் செம்மண்ணில் மணல் கலந்து, தண்ணீர் தேங்காத வேலியோரமாக வைத்த கொடிதான் பிழைத்தது. முதல் ஆண்டில் மேலே பெரிய வளர்ச்சி தெரியாது. சோர்ந்து பிடுங்கிவிடாதீர்கள்.

என்னை அதிகம் வருத்துவது தோண்டும் முறை. நல்ல வேருக்கு இரண்டு, இரண்டரை ஆண்டுகளாவது ஆகும். அவ்வளவு நாள் காத்திருந்துவிட்டு, ஒரே நாளில் கடப்பாரையால் மொத்தத்தையும் பெயர்த்து எடுக்கிறார்கள். கொடியின் அடியிலிருந்து ஓர் அடி தள்ளிக் குழி பறித்து, பக்கவேர்களில் பாதியை மட்டும் வெட்டி எடுங்கள். அடித்தூரைத் தொடாமல் மண்ணை மூடித் தண்ணீர் விட்டால், அதே கொடி மறுபடி வேர் பிடிக்கும். வீட்டுக் கொடி வளரவில்லை என்று காட்டுக்குப் போய்த் தோண்டுவதும் கூடாது. இந்தப் பகுதியில் கௌண்டின்யா வனவிலங்கு சரணாலயம் இருக்கிறது. அனுமதியின்றி அங்கே ஒரு வேரை எடுப்பதும் சட்டப்படி குற்றம். போதாததற்கு அது யானைகள் நடமாடும் காடு.

எடுத்த வேரைக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். கடும் வெயிலில் மணம் பறந்துவிடும். வேரைத் தட்டி, உள்ளே இருக்கும் கட்டையை நீக்கி, பட்டையை மட்டும் பயன்படுத்துங்கள். சர்பத் செய்கிறவர்கள் வேரைச் சர்க்கரையோடு சேர்த்து நெடுநேரம் கொதிக்க வைத்துவிட்டு, வாசனை இல்லையே என்று எசன்ஸ் வாங்குகிறார்கள். தட்டிய பட்டையை வெந்நீரில் இரவு முழுவதும் மூடி ஊறவைத்து வடிகட்டுங்கள். பாகைத் தனியே காய்ச்சி, அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு இந்தச் சாற்றைக் கலந்தால் மணம் நிற்கும்.

உடல்சூட்டைத் தணிக்கும் என்பதற்காகச் சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்பத்தை நீட்ட வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கருவுற்றவர்கள், தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நன்னாரிக் கஷாயத்தைத் தொடர்ந்து குடிக்கக் கூடாது. மண்பானைத் தண்ணீரில் போடும் வேர்த்துண்டையும் வாரக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள். வழுவழுப்பாகும் முன்பே எடுத்துவிட்டு, பானையைக் கழுவிப் புதிய துண்டு போடுங்கள்.