மழைக்காலத்தில் குதிரையைச் சும்மா நிறுத்தாதீர்கள்: கயிற்றில் சுற்றவிடும் முறை

வேலூரில் குளிர்காலமா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். குதிரை வைத்திருப்பவனுக்குத் தெரியும். ஐப்பசியில் பிடிக்கிற மழை கார்த்திகை வரை விடாது, நிலமெல்லாம் சேறு, மார்கழியில் பொழுது விடிந்தும் பாலாற்றுப் பக்கம் பனி மூடியிருக்கும். குளிர்நாடுகளில் தரை உறைந்து வழுக்குவதால் குதிரை லாயத்திலேயே நிற்கிறது, இங்கே களிமண் வழுக்குவதால் நிற்கிறது. எப்படி நின்றாலும் கதை ஒன்றுதான்: சதை தளரும், வயிறு போடும், தை பிறந்து சேணம் வைத்தால் தெருமுனை தாண்டுவதற்குள் மூச்சு வாங்கும்.

இதற்கு லஞ்சிங் நல்ல வழி. நான் வீட்டில் இந்தப் பேரைச் சொன்னபோது, குதிரைக்கு எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று அம்மா கேட்டார்! விஷயம் எளிது. நீளக் கயிற்றின் ஒரு முனை குதிரையின் முகத்தில், மறுமுனை நம் கையில், நாம் நடுவில் நிற்க அது நம்மைச் சுற்றி வட்டமாகப் போகும். ஏறி உட்கார வேண்டியதில்லை, அரை மணி நேரத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

முதலில் சாமான்கள். கயிறு 7 அல்லது 8 மீட்டர் இருக்கட்டும், பருத்தி நாடாவாக இருந்தால் நல்லது. மாடு கட்டுகிற நைலான் கயிறு வேண்டவே வேண்டாம், ஒரு இழுப்பில் உள்ளங்கைத் தோலை உரித்துவிடும். முகத்துக்கு கேவசன், அதாவது மூக்குப் பட்டையில் வளையம் வைத்தது. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் வேலைக்கா ஆள் இல்லை, அளவு கொடுத்துத் தைத்தும் வாங்கலாம். அது கிடைக்கும்வரை முகத்தோடு ஒட்டி நிற்கிற ஹால்டர், அதாவது வாய் இரும்பு இல்லாத தலைப்பட்டை, போதும். கடிவாளத்தின் வாய் இரும்பில் மட்டும் கயிற்றை மாட்டாதீர்கள், புதிதாகப் பழகுகிறவர் கை ஆடிக்கொண்டே இருக்கும், அவ்வளவும் குதிரையின் வாயில்தான் போய் விழும். அப்புறம் கையுறை, மூடிய ஷூ, ஹெல்மெட். நீளச் சாட்டை ஒன்றும் வேண்டும், அடிப்பதற்கு இல்லை, திசை காட்டுவதற்கு.

கயிற்றைப் பிடிப்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. மிச்சக் கயிற்றை முன்னும் பின்னுமாக மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொள்ளுங்கள், கையைச் சுற்றிப் போடாதீர்கள். நான் போட்டேன். பொங்கல் நெருங்கிய நேரம், பக்கத்துத் தெருவில் எருது விடும் விழாவுக்குக் காளையைப் பழக்கிக்கொண்டிருந்த பையன்கள் ஒரு சரவெடியைக் கொளுத்த, என் குதிரை கிளம்பிய வேகத்தில் கயிற்றின் சுருள் விரலில் இறுகி, நான் குப்புற விழுந்து கொஞ்ச தூரம் சேற்றில் உழுதுகொண்டே போனேன். இடது சுண்டுவிரல் இன்றைக்கும் முழுசாக மடங்காது.

அடுத்தது இடம். வட்டத்தின் குறுக்களவு குறைந்தது 15 மீட்டர், 20 கிடைத்தால் நல்லது, அதற்கு நாமும் நடுவில் சின்ன வட்டமாக நடந்துகொண்டே இருக்க வேண்டும். வட்டம் சிறுத்தால் முட்டிகளுக்குக் கேடு. தரையைக் குதிகாலால் ஓங்கி மிதித்துப் பாருங்கள், தண்ணீர் ஊறி வந்தால் அன்றைக்கு வேண்டாம். பாலாற்று மணல்தான் இருக்கிறதே என்று தோன்றும், ஆனால் குளம்பு புதைகிற மணலில் ஓடினால் கால் தசைநார் இழுத்துக்கொள்ளும், மணல் அள்ளிய பள்ளம் வேறு எங்கே இருக்கும் என்று தெரியாது. கரையோரம் இறுகிய இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி வேலை. ஐந்து நிமிடம் கையில் பிடித்தே நடத்துங்கள். பிறகு இடது சுற்று: கயிறு இடது கையில், சாட்டை வலது கையில். கயிறு ஒரு பக்கம், சாட்டை ஒரு பக்கம், குதிரை மூன்றாவது பக்கம், இந்த முக்கோணம் கலையக்கூடாது. நாம் நிற்பது அதன் வயிற்றுக்கு நேராக, தோளைத் தாண்டி முன்னே போனோமானால் வழி மறிக்கிறோம் என்று நினைத்து நின்றுவிடும். பாதிப் பேர் ‘என் குதிரை நகரவே மாட்டேன் என்கிறது’ என்பதற்குக் காரணம் இதுதான். சாட்டை நுனி தாழ்வாகப் பின்னங்கால் முட்டியைப் பார்த்தபடி இருக்கட்டும். வட்டத்துக்குள் சாய்ந்து வந்தால் நுனியைத் தோள் பக்கம் காட்டுங்கள், வெளியே விலகும்.

குரல் முக்கியம். வேகம் கூட்டக் குரலை ஏற்றி ‘ட்ராட்!’ (நடைக்கு அடுத்த வேகம், துள்ளு நடை), குறைக்க இழுத்து இறக்கி ‘ஹோ…வ்’. என்ன சொல் என்பது பெரிசில்லை, தினமும் அதே சொல்லாக இருக்க வேண்டும்.

இரண்டு பக்கமும் நடை, அப்புறம் ட்ராட். மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்திப் பக்கம் மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கச் சதை மட்டும் ஏறும். ஓடவிட்டு வியர்வை பார்த்தால்தான் வேலை என்று நினைக்கிறவர்கள் நிறைய. முன்பு ஜட்கா ஓட்டிய பாய் ஒருவர் நான் குதிரையைத் துரத்துவதைப் பார்த்துவிட்டு, “தம்பி, செக்கு மாடா அது? மெதுவா விடுங்க, பின்னங்கால் எங்க விழுதுன்னு பாருங்க” என்றார். அன்றுதான் கவனித்தேன், முன்னங்கால் குளம்பு பதிந்த தடத்தில் பின்னங்கால் விழவே இல்லை, ஒரு சாண் பின்னாலேயே நின்றது. வேகத்தைக் குறைத்து நிதானமான ட்ராட்டில் விட்ட மூன்றாவது வாரம் அது தடத்தைத் தொட்டது, முதுகும் அசைய ஆரம்பித்தது.

முதல் வாரம் மொத்தமே 10, 12 நிமிடம், பெரும்பாலும் நடை. நான்காவது வாரத்தில் 25 நிமிடத்துக்கு வரலாம். வாரம் மூன்று நாள் போதும், தினமும் சுற்றினால் மூட்டு தேயும். மற்ற நாளில் ரோட்டோரம் கையில் பிடித்து நடத்துங்கள். மூன்று வயது ஆகாத குட்டிக்கு இது வேண்டாம்.

தாடை எலும்புக்கு அடியில் விரல் வைத்தால் நாடி கிடைக்கும். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். சும்மா நிற்கும்போது 28 முதல் 44 வரை இருக்கும். வேலை முடிந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் 60க்குக் கீழே இறங்கவில்லை என்றால் அன்றைக்கு அதிகமாக வேலை வாங்கிவிட்டோம்.

முடித்ததும் கட்டிப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். மூச்சு அடங்கும்வரை நடத்தி, ஈரத்தைச் சாக்கால் துடைத்து, நான்கு குளம்பையும் தூக்கிக் கொக்கியால் சுரண்டுங்கள். கறுப்பாகக் குழைந்து அழுகின நாற்றம் வந்தால் மழை ஈரம் குளம்பைத் தின்கிறது என்று அர்த்தம், நிற்கிற இடத்தைக் காய வையுங்கள், லாடம் அடிப்பவரிடமும் காட்டுங்கள். பனிக்காலத்தில் குதிரை தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும், குடல் இறுகி வயிற்றுவலியில் விடும், அதனால் நான் கொஞ்சம் வெந்நீர் கலந்து வெதுவெதுப்பாக வைக்கிறேன். வேலை இல்லாத நாளில் கொள்ளைப் பாதியாகக் குறைத்துப் புல்லைக் கூட்டுங்கள், முழுத் தீனி தின்று சும்மா நின்ற குதிரையை மறுநாள் வேலை வாங்கினால் பின்னங்கால் சதை கட்டையாக இறுகி நடக்க முடியாமல் போகும். வேலை நாளிலும் உடம்பு ஆறிய பிறகுதான் கொள்ளு. என் குதிரை அதுவரை வாளியைக் காலால் உதைத்துக்கொண்டே இருக்கும், உதைக்கட்டும்.