மார்கழியில் ஊருக்குப் போகிறீர்களா? முதலில் உங்கள் பிறப்புப் பதிவைத் தேடுங்கள்

டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் போகப்போகிறோம் என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதற்கேள்வி இப்போதெல்லாம் ஒன்றுதான்: உங்கள் பெயரில் அங்கே காணி ஏதும் இருக்கிறதா? இல்லை என்றால் கொடுத்துவைத்தவர். மழைக்கும் நுளம்புக்கும் உறவினருக்கும் ஆயத்தமாகிப் போய்வாருங்கள். இருக்கிறது என்றால் கொஞ்சம் உட்காருங்கள்.

நாங்கள் யாழ்ப்பாணம் போனது 2024 டிசம்பரில். கனடாவின் ஸ்காபரோவில் வாசல் பனி அள்ளாமல் இரண்டு கிழமை. நத்தாரும் புதுவருடமும் ஊரில். பிள்ளைகளுக்குக் கசூரினாக் கடற்கரை, குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகு. ஜனவரி 4ஆம் திகதி திரும்புவதற்கு டிக்கெட். மனைவியும் பிள்ளைகளும் சொன்னபடி திரும்பினார்கள். நான் திரும்பியது 17ஆம் திகதி, சம்பளமில்லாத விடுப்பில், டிக்கெட்டை மாற்றியதற்குத் தண்டம் கட்டி.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரவு முழுவதும் விமானத்தில் இருந்த பிள்ளைகளை இறங்கிய கையோடு வான் வண்டியில் ஏற்றாதீர்கள். ஒரு நாள் கொழும்பு வெள்ளவத்தையில் படுத்தெழும்பிப் போங்கள். பலாலியில் 2019 அக்டோபரில் திறந்த சர்வதேச விமான நிலையம் இருக்கிறது, சென்னை வழியாக வரலாம். ஆனால் வருவது சிறிய விமானம். நீங்கள் கொண்டுவரும் சொக்கிலேட் பெட்டிகளுக்கு அது ஆகாது.

மார்கழி என்றால் பனி என்று நினைத்துப் போகாதீர்கள். வடகீழ்ப் பருவமழை அப்போதும் ஓய்ந்திருக்காது. நாங்கள் போன நேரம் கிணற்றில் கை விட்டுத் தண்ணீர் அள்ளலாம் போலிருந்தது. அந்த டிசம்பரில்தான் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் போயின. வெள்ளத்தில் வெறுங்காலோடு இறங்க வேண்டாம்; சிறுவயதில் இறங்கியவர்கள்தானே நாம் என்று பிள்ளைகளுக்கு வீரம் காட்டவும் வேண்டாம். டெங்குக்கும் இதுதான் காலம். காய்ச்சல் என்றால் பரசிற்றமோல் மட்டும், பிறகு இரத்தப் பரிசோதனை. கனடாவிலிருந்து கொண்டுபோன இபுப்ரோஃபென் பெட்டியிலேயே இருக்கட்டும். டெங்காக இருந்தால் அது இரத்தக்கசிவுக்கு வழிவகுக்கும்.

இனி நாட்காட்டி. இதை நான் பார்க்கவில்லை. இலங்கையில் ஜனவரி 1 பொது விடுமுறை அல்ல. டிசம்பர் 25 விடுமுறை. பௌர்ணமி தோறும் போயா விடுமுறை. தைப்பொங்கல் விடுமுறை. 2025இல் ஜனவரி 11, 12 சனி ஞாயிறு, 13 போயா, 14 பொங்கல். நாலு நாள் தொடர்ந்து அலுவலகக் கதவுகள் பூட்டு. போயாவன்று மதுக்கடையும் இறைச்சிக்கடையும்கூடப் பூட்டுத்தான். ஆனால் எனக்கு அப்போது தேவைப்பட்டது ஒரு முத்திரை மட்டும்.

ஊர் வந்த மறுநாள் காலை, குழல்புட்டும் மாம்பழமும் என் கோப்பையில் இருக்கும்போது, அக்கா சொன்னார்: "தம்பி, திங்கட்கிழமை பத்து மணிக்கு நொத்தாரிசு வரச்சொல்லியிருக்கிறார்." வந்து சேர்ந்த களைப்புக்கூட ஆறவில்லை. காணி உறுதி எழுதுபவர் எதற்கு என்று கேட்டேன். அவர் மகளுக்கு, என் மருமகளுக்கு, மாசியில் கலியாணம். வீட்டையும் வளவையும் சீதனமாக எழுத வேண்டும். அதில் பாதி என் பெயரில் இருக்கிறது. "உனக்கு அங்கே என்ன குறை?"

இந்தக் கடைசி வாக்கியத்துக்கு ஆயத்தமாகிப் போங்கள். எல்லோரிடமும் கேட்பார்கள். உங்கள் வீட்டுக் கடனையும், இரண்டு வேலையையும், நடுங்கும் முழங்காலையும் எடுத்துச் சொல்லத் தொடங்கினால் நீங்கள் தோற்றுவிட்டீர்கள். நான் சொல்லத் தொடங்கினேன்.

கதை இதுதான். 1988இல் அம்மா தன் நாலு பரப்புக் காணியையும் வீட்டையும் அக்காவுக்கும் எனக்கும் சரிபாதியாக நன்கொடை உறுதி எழுதினார், சீவிய உருத்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை, தனக்கு வைத்துக்கொண்டு. எனக்கு அப்போது பத்து வயது. என் சார்பில் மாமா கையெழுத்து வைத்தார். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் எங்கள் வலிகாமம் பகுதியே எழும்பி நடந்தபோது அம்மா சேலை மடிப்புக்குள் வைத்துக் காப்பாற்றியது அந்த உறுதியைத்தான். என் பிறப்புச் சான்றிதழ் எங்கோ கைதடிப் பக்கம் தொலைந்தது. அடுத்த வருடம் நான் வெளிக்கிட்டேன். என்னுடைய தேசிய அடையாள அட்டை வழியில் ஏஜென்சிக்காரரிடம் போய் அங்கேயே முடிந்தது. 2021இல் அம்மா போனபோது விமானம் இல்லை, வந்திருந்தாலும் தனிமைப்படுத்தலில்தான் இருந்திருப்பேன் என்று இப்போதும் சொல்லிக்கொள்கிறேன். மாதம் தவறாமல் காசு அனுப்பினேன். கழுவித் துடைத்துப் படுக்க வைத்தவர் அக்கா.

ஆகவே எழுதிக்கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. கேட்ட விதத்தில்தான் கோபம். கோபத்தில் இருக்கும்போது அலுவலகங்களுக்குப் போகாதீர்கள்.

நொத்தாரிசு என் கனேடியக் கடவுச்சீட்டைப் பார்த்தார், பழைய உறுதியைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார். உறுதியில் அப்பாவின் பெயர் முன்னால், அதன்பின் வீட்டில் கூப்பிடும் என் பெயர். கடவுச்சீட்டில் பதிவுப் பெயர் முன்னால், அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகப் பின்னால், அதுவும் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக் குறைய. கனடாவில் என் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அப்பாவின் பெயர்தான் குடும்பப் பெயர்; வங்கியிலிருந்து தொலைபேசி வந்தால் என் மனைவியை என் தகப்பனின் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். இங்கே அந்தப் பெருமை செல்லவில்லை. "இது இரண்டு ஆள்" என்றார் நொத்தாரிசு. பிறப்புச் சான்றிதழ் வேண்டும். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி வேண்டும். கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் கடிதம் வேண்டும்.

பிரதேச செயலகத்துக்குப் போனேன். எந்தச் செயலகம் என்று எழுதப்போவதில்லை. அங்கே இருப்பவர்கள் என்னைவிட நல்லவர்கள். விண்ணப்பம் நிரப்பினேன், கட்டணம் கட்டினேன். 1977ஆம் ஆண்டுப் பதிவில் என் பெயர் இல்லை. நத்தார் முடிய வரச்சொன்னார்கள். 26ஆம் திகதி போனால் பொறுப்பான எழுதுவினைஞர் லீவு. 27ஆம் திகதி மறுபடி தேடினார்கள், இல்லை. 30ஆம் திகதி வேறொருவர் இருந்தார், எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். "பதிவு இலக்கம் தெரியுமா?" தெரியாது. "பதிந்த திகதி?" தெரியாது. "பிறந்தது உறுதிதானே?" என்று அவர் கேட்கவில்லை, ஆனால் முகத்தில் அந்தக் கேள்வி இருந்தது. இதற்குள் மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கசூரினா போய்வந்துவிட்டார். நெடுந்தீவு கடல் கொந்தளிப்பால் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் இல்லாமலே போனது.

ஜனவரி 1, புதன்கிழமை. முதல் நாள் இரவு வெடிச்சத்தத்தில் யாரும் தூங்கவில்லை. எட்டு மணிக்கே போய் மரத்தடியில் நின்றேன். ஊழியர்கள் எல்லோரும் புதுச் சேலை, புதுச் சேட்டுடன் முற்றத்தில் வரிசையாக நின்றார்கள். கொடி ஏறியது. மௌன அஞ்சலி. பிறகு புத்தாண்டில் கடமைகளை அர்ப்பணிப்போடு ஆற்றுவோம் என்ற அரச ஊழியர் சத்தியப்பிரமாணம். அந்த வருடம் அரசாங்கத்தின் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டமும் அன்றைக்கே தொடங்கியதால் ஒலிபெருக்கியில் இன்னும் கொஞ்சம் நீண்டது. கனடாவில் ஜனவரி முதலாம் திகதியைத் தலையிடியோடு கட்டிலில் கழிப்பவன் நான். மழைத்தூறலில் நின்று கை உயர்த்திச் சத்தியம் செய்யும் நாற்பது பேரைப் பார்த்து என் எரிச்சல் கொஞ்சம் இறங்கியது. முழுவதும் இறங்கவில்லை.

உள்ளே போனதும் எழுதுவினைஞர் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "புதுவருடத்தில் முதல் ஆள் நீங்கள்தான்" என்று ஒரு கடதாசித் துண்டில் பலகாரமும் கப்பல் வாழைப்பழமும் வைத்துத் தந்தார். தின்றுகொண்டிருக்கும்போதுதான் கேட்டார்: "எந்த மாதம் பிறந்தீர்கள்?" டிசம்பர் கடைசி என்றேன். அவர் எழுந்து போய் 1978ஆம் ஆண்டுப் புத்தகத்தை எடுத்துவந்தார். பிறந்தது டிசம்பர், பதிந்தது பெப்ரவரி. பிறந்த ஆண்டில் தேடிக்கொண்டிருந்தோம், நான் பதிந்த ஆண்டில் இருந்தேன்.

புத்தகம் பெரியது, ஓரங்களைக் கறையான் அரித்திருந்தது, தாள் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. தகவல் தந்தவரின் கையொப்பம் என்ற இடத்தில் அப்பா. அப்பாவின் கையெழுத்தை நான் பார்த்தே பலகாலம். அவர் எழுதிய கடிதம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. கடைசி எழுத்தின் வாலை நீட்டி, கீழே இரண்டு புள்ளி வைத்திருந்தார். விரலை வைக்கப் போனேன், "தொடவேண்டாம், தாள் உடையும்" என்றார் அந்த அம்மா.

ஆகவே ஆலோசனை: பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே ஊரில் இருக்கும் ஒருவரைக் கொண்டு பிறப்புச் சான்றிதழின் பிரதி எடுத்துவையுங்கள். பதிவு இலக்கம், பதிந்த திகதி, பதிவாளர் பிரிவு மூன்றையும் குறித்துவையுங்கள். டிசம்பர், ஜனவரியில் பிறந்தவர்கள் இரண்டு வருடப் புத்தகத்திலும் தேடச் சொல்லுங்கள்.

அடுத்தது கிராம அலுவலர். முப்பது வயது இராத பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினார். "நீங்கள் இந்தப் பிரிவில் வசிக்கவில்லையே. நீங்கள்தான் நீங்கள் என்று நான் எதைக்கொண்டு எழுதுவது?" நியாயமான கேள்வி, எனக்கு மறுமொழி இருக்கவில்லை. அக்கா சொன்னால் செல்லாது, அவர் பயனடைபவர். சொந்தம் அல்லாத ஒருவர் வேண்டும். என்னோடு படித்தவர்களை எண்ணினேன். பாரிஸ், சூரிச், மெல்பேண், இரண்டு பேர் உயிரோடு இல்லை. கடைசியில் அக்காவே சந்திக்கடை ஐயாவைக் கூட்டிவந்தார். எண்பது கடந்துவிட்டார். என்னைக் கீழிருந்து மேல் பார்த்து, "என் சைக்கிளை வாங்கிக்கொண்டுபோய் மதகுக்குள் விழுத்தியவன் அல்லவா" என்றார். கடிதம் கிடைத்தது. அந்தச் சைக்கிளுக்கு நான் காசு கொடுக்கவில்லை என்பது அவருக்கு நினைவிருந்தது, எனக்கும்தான்.

இனிச் சட்டம் சொல்ல வேண்டிய அளவுக்கு மட்டும். வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்து இரட்டைக் குடியுரிமை பெறாதவர் என்றால் சட்டப்படி நீங்கள் அந்நியர். குடிவரவு வரிசையிலேயே அது தெரிந்துவிடும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி அந்நியர் காணி வாங்க முடியாது. வாரிசாக வருவதற்கு விலக்கு உண்டு. ஓய்வுக்கு ஊரில் ஒரு வளவு வாங்குவேன் என்று கனவு காண்பவர்கள் முதலில் குடியுரிமையைப் பாருங்கள். பங்குக் காணியில் உங்கள் பங்கைப் பிறத்தியாருக்கு விற்க நினைத்தால், 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமை என்ற யாழ்ப்பாண வழக்காற்றுச் சட்டம் இன்றும் குறுக்கே நிற்கும். பங்காளிக்கு முதலில் அறிவிக்க வேண்டும். காணியைப் பத்து வருடம் வேறொருவர் எதிர்ப்பில்லாமல் ஆண்டால் ஆட்சியுரிமை கேட்கலாம். யுத்தத்தால் காணிப்பக்கம் போக முடியாதிருந்தவர்களுக்கு விலக்குத் தர 2016இல் சட்டம் வந்தது. எல்லாருடைய தூரத்தையும் அது யுத்தத்தின் கணக்கில் எழுதுவதில்லை. உங்கள் சார்பில் கையெழுத்து வைக்கும் அதிகாரமான அற்றோணித் தத்துவத்தை யாருக்கும் அவசரத்தில் எழுதிக்கொடுக்காதீர்கள். கண்ணீர் விட்டுக் கேட்பவருக்கு இன்னும் கொடுக்காதீர்கள்.

ஜனவரி 10, வெள்ளிக்கிழமை எல்லாக் கடதாசியும் கையில் இருந்தது. நொத்தாரிசு கொழும்புக்குப் போயிருந்தார். பிறகு அந்த நாலு நாள் பூட்டு.

இப்படித்தான் இருபத்தெட்டு வருடத்துக்குப் பிறகு ஊரில் பொங்கல் பார்த்தேன், விருப்பமில்லாமல். விடிய நாலு மணிக்குச் சங்கூதித் திருவெம்பாவை பாடிக்கொண்டு போனவர்களின் சத்தத்தில் அந்த நாட்களில் எழும்பியிருந்தேன். திருவாதிரையும் போயாவும் ஒரே நாளில் வந்தன. பொங்கலன்று முற்றத்தில் அக்கா கோலம் போட்டார், தென்னம்பாளையும் பன்னாடையும் வைத்து அடுப்பு மூட்டச் சொன்னார். ஈர விறகு புகைந்தது. ஊதத் தெரியாமல் கண் எரிந்து நின்றேன். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தபோது அக்கா என்னைத்தான் முதல் பிடி அரிசி போடச் சொன்னார். கலியாணத்தைப் பற்றியோ உறுதியைப் பற்றியோ அன்று முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை.

15ஆம் திகதி, இரண்டு சாட்சிகளுக்கு முன்னால், நொத்தாரிசு உறுதியை வாசித்தார். "மேற்படி ஊரைச் சேர்ந்தவரும் தற்போது கனடாவில் வசிப்பவருமாகிய" என்ற இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். கையெழுத்து வைத்தேன். முத்திரைத் தீர்வையை அக்காவே கட்டினார்; நான் கட்ட எடுத்த காசை வாங்கவில்லை.

வான் வந்து வாசலில் நின்றபோது அக்கா ஒரு பையில் பனங்கிழங்கும் எள்ளுருண்டையும் தந்தார். அதற்கு மேல் ஒரு தட்டையான உறை. என் பிறப்புச் சான்றிதழ். இனித் தொலையக் கூடாது என்று நேற்றே சந்தியில் கொடுத்து லாமினேட் செய்துவைத்திருந்தார். லாமினேட் செய்த பத்திரத்தைப் பல அலுவலகங்கள் ஏற்பதில்லை. நீங்கள் செய்யாதீர்கள். அக்காவிடம் நான் அதைச் சொல்லவில்லை.