ஏஐ-யை நோயாளியாக்கி மாணவர்களைப் பேசிப் பழகவைப்பது எப்படி?

ஒருவரை நோயாளியாக நடிக்கவைத்து மருத்துவ மாணவர்களைப் பழக்கும் முறையை 1963-ல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ் தொடங்கிவைத்தார். நினைத்த நேரத்துக்கு நடிக்க ஆள் கிடைப்பதில்லை என்பதால், என் நர்சிங் மாணவிகளுக்காக அந்த வேடத்தை சாட்ஜிபிடியிடம் கொடுத்தேன்.

முதலில் நோயாளியின் பெயர், வயது, நோய் ஆகியவற்றை எழுதுங்கள். எல்லாம் கற்பனையாகவே இருக்கட்டும். வார்டில் பார்த்த நிஜ நோயாளியின் விவரத்தை, பெயரை மாற்றிக்கூடப் போடாதீர்கள்.

நான் மாட்டிக்கொண்டது அடுத்த படியில். "நீ 58 வயது சர்க்கரை நோயாளி, மாத்திரையை நிறுத்திவிட்டாய்" என்று மட்டும் எழுதியிருந்தேன். மாணவி "எப்படி இருக்கீங்க?" என்றதுமே, மாத்திரையை நிறுத்தியது, அதன் காரணம், பயம் எல்லாவற்றையும் ஏஐ ஒரே மூச்சில் கொட்டிவிட்டது. எந்த நோயாளி அப்படிப் பேசுவார்? கேட்டு வாங்கும் வேலையே மாணவிக்கு இல்லாமல் போனது. இப்போது மூன்றாகப் பிரித்து எழுதுகிறேன்: தானாகச் சொல்வது, கேட்டால் சொல்வது, நம்பிக்கை வந்தால் மட்டும் சொல்வது. மூன்றாவதை இப்படி: "மாத்திரை போட்டபின் தலைசுற்றி விழுந்ததை, குறை சொல்லாமல் காரணம் கேட்டால் மட்டும் சொல். அதட்டினால் 'போட்டுட்டுதானே இருக்கேன்' என்று மழுப்பு." கூடவே, பதில் இரண்டு வாக்கியத்தைத் தாண்டக்கூடாது, மருத்துவச் சொல் வரக்கூடாது என்றும் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் மதிப்பீடு. அதே உரையாடலில் "எப்படிப் பேசினேன்?" என்று கேட்டால் பாராட்டு மழைதான். உரையாடலை அப்படியே எடுத்துப் புதிய சாட்டில் ஒட்டி, மூன்றே கேள்வி கேளுங்கள்: மாணவி எங்கே குறுக்கிட்டார், எந்தக் கேள்வி ஆம்-இல்லையோடு முடிந்தது, சொன்னது புரிந்ததா என்று நோயாளியையே திருப்பிச் சொல்லவைத்தாரா. ஒவ்வொன்றுக்கும் மாணவியின் சொந்த வரியை எடுத்துக்காட்டச் சொல்லுங்கள், அந்த வரி உரையாடலில் உண்மையிலேயே இருக்கிறதா என்று நீங்களும் பாருங்கள். குறுக்கிடுவதை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு: நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 நொடியில் மருத்துவர் குறுக்கிட்டதாக 1984-லேயே ஓர் ஆய்வு கண்டது.

பின்சேர்க்கை: குரல் வழியாகச் செய்து பார்த்த சிலர், மாணவர் கொஞ்சம் மௌனமாக இருந்தாலே ஏஐ பேச ஆரம்பித்துவிடுகிறது என்றார்கள். உண்மைதான், இடைவெளி விட்டால் நம் முறை முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறது. கெட்ட செய்தி சொல்லிவிட்டு அமைதியாகக் காத்திருப்பது பெரிய திறமை, அதை இதில் பழக முடியாது. அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் நான் எதிரே ஒரு மனிதரைத்தான் உட்காரவைக்கிறேன்.