330 வந்ததும் துள்ள வேண்டாம்: அலைகள் போட்டியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறிவியல் போட்டியில் 'அலைகள்' என்று தலைப்பு வந்தால் பலரும் முதலில் எடுப்பது காற்றுக்குழாய் சோதனையைத்தான். தண்ணீரில் செங்குத்தாக ஒரு பிவிசி குழாய், அதன் வாய்க்கு மேலே அதிரும் இசைக்கவை (டியூனிங் ஃபோர்க்). குழாயை மெல்ல உயர்த்தினால் ஓரிடத்தில் சத்தம் சட்டென்று பெரிதாகும். அதுதான் ஒத்ததிர்வு. தண்ணீருக்கு மேலே உள்ள குழாயின் நீளத்தை அளந்து நான்கால் பெருக்கினால் அலைநீளம். அதை அதிர்வெண்ணால் பெருக்கினால் ஒலியின் வேகம். எளிமையான சோதனை, ஆனால் ஏமாற்றிவிடும்.

512 ஹெர்ட்ஸ் இசைக்கவை, 3 செ.மீ. விட்டமுள்ள குழாய், அறையில் 30 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய 16.1 செ.மீ.யில் சத்தம் எழும்பும். கணக்குப் போட்டால் நொடிக்கு 330 மீட்டர். புத்தகத்தில் 331 என்று இருக்கிறதா, மாணவருக்கு ஏக சந்தோஷம். சார்ட்டில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் கட்டிவிடுவார்.

அந்த 331 பூஜ்யம் டிகிரிக்கான அளவு. ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.6 மீட்டர் கூடும். 30 டிகிரியில் 349 வந்திருக்க வேண்டும். பிறகு 330 எப்படி வந்தது? குழாய்க்குள் நடக்கும் அதிர்வு வாயோடு நின்றுவிடுவதில்லை, சற்று வெளியேயும் நீள்கிறது. விட்டத்தில் ஏறத்தாழ 0.3 பங்கு, இங்கே 0.9 செ.மீ. இதைத்தான் முனைத்திருத்தம் என்கிறோம். அதைச் சேர்க்காததால் விடை குறைந்தது. வெப்பநிலையை மறந்ததால் அந்தக் குறைந்த விடையே சரி என்று தோன்றியது. ஒரு தவறை இன்னொரு தவறு மூடிக்கொண்டது. "ரூம் டெம்பரேச்சர் எவ்வளவுப்பா?" என்று நடுவர் கேட்டால் போதும், எல்லாம் வெளியே வந்துவிடும்.

இதற்கு வழி, முதல் ஒத்ததிர்வோடு நிறுத்தாமல் இரண்டாவதையும் பிடிப்பது. இதே குழாயில் அது 50.2 செ.மீ. வாக்கில் கிடைக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 34.1 செ.மீ., அதாவது பாதி அலைநீளம். கழிக்கும்போது முனைத்திருத்தம் தானாகவே அடிபட்டுப் போகும். இப்போது கணக்குப் போட்டால் 349. ஆனால் இதற்கு 60 செ.மீ.க்குக் குறையாத குழாய் வேண்டும், வாளியின் ஆழம் போதாது. ஒரு பக்கம் எண்ட் கேப் போட்டு ஒட்டிய நாலு அங்குலக் குழாயில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். அப்புறம், இசைக்கவையை மேசை விளிம்பில் தட்டக்கூடாது. ரப்பர் செருப்பின் அடியில் தட்டினாலே போதும்.

வீட்டில் அருமையாகக் கேட்ட ஒத்ததிர்வு கண்காட்சிக் கூடத்தில் கேட்கவே கேட்காது. பக்கத்து மேசையில் மோட்டார் ஓடும், எதிர்ப்பக்கம் மைக்கில் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். ஒலியைக் கண்ணால் காட்ட ஒரு வழி கூடவே இருக்கட்டும். ஒளி ஊடுருவும் குழாயைப் படுக்கவைத்து, உள்ளே பொடித் தெர்மாகோல் மணிகளைத் தூவி, ஒரு முனையை அடைத்து மறுமுனையில் ஸ்பீக்கரை வையுங்கள். சரியான அதிர்வெண் வரும்போது மணிகள் அலையின் வடிவத்தைக் காட்டிவிடும். ஜெர்மன் இயற்பியலாளர் குண்ட் 1866-இல் நுண்பொடியை வைத்துச் செய்தது கிட்டத்தட்ட இதுதான்.

எழுத்துத் தேர்வும் இருந்தால், வரைபடத்தின் கிடை அச்சைப் பார்க்காமல் பதில் எழுதாதீர்கள். அதே வளைவுதான், அச்சில் தூரம் இருந்தால் முகட்டிலிருந்து முகடு அலைநீளம், நேரம் இருந்தால் அலைவுகாலம். ஒலி காற்றிலிருந்து தண்ணீருக்குள் போனால் அதிர்வெண் மாறாது. வேகமும் அலைநீளமும்தான் மாறும். ஒலியை நெளிநெளியாக வரைந்துவிட்டு 'இது நெட்டலை' என்று எழுதுபவர்களும் உண்டு. நெட்டலை என்றால் அலை போகும் திசையிலேயே காற்று முன்னும் பின்னும் அசைவது. அந்த நெளிவு அழுத்தத்தின் வரைபடமே தவிர ஒலியின் உருவப்படம் இல்லை.

அடுத்தது, சுனாமியைக் காட்டச் செய்யும் மாதிரி அமைப்பு. நீலச் சாயத் தண்ணீரைக் கையால் அடித்து அட்டை வீடுகளைச் சாய்ப்பதில் அறிவியல் அதிகம் இல்லை. 'சுமத்ராவிலிருந்து தண்ணீர் கிளம்பி வந்தது' என்று விளக்கம் வேறு சொல்வார்கள். 2004 டிசம்பர் 26 அன்று வங்கக்கடலைக் கடந்து வந்தது அந்தத் தண்ணீர் அல்ல, ஆற்றல். ஆழம் 4,000 மீட்டராக இருக்கும் கடலில் அத்தகைய அலை மணிக்கு 700 கி.மீ. வேகத்தில் போகும். ஆழத்தை 9.8-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நொடிக்கு எத்தனை மீட்டர் என்று வந்துவிடும்.

இதே சூத்திரத்தை ஒரு தட்டில் சோதிக்கலாம். 60 செ.மீ. நீளத் தட்டில் 1 செ.மீ. தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை லேசாகத் தூக்கி இறக்குங்கள். அலை மறுமுனையை அடைய 2 நொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். ஸ்டாப்வாட்ச் அழுத்தும் கையாலேயே 0.2 நொடி பிசகலாம். அதனால் ஒரு தடவை போவதை மட்டும் அளக்காமல், அலையை இரண்டு முறை போய்வரவிட்டு மொத்த நேரத்தை நான்கால் வகுக்க வேண்டும். பிறகு 4 செ.மீ. தண்ணீர் ஊற்றி மறுபடி அளந்தால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகியிருக்கும்.

கண்காட்சிக்கு முந்தைய இரவு சார்ட்டை அழகாக்கும் அவசரத்தில் அளவெடுத்த நோட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். தப்பாக வந்த அந்த 330-ம் அதிலேயே இருக்கட்டும். அது ஏன் வந்தது என்று நடுவரிடம் நீங்களே எடுத்துச் சொல்லலாம்.