சேர்ந்து வாழ்கிறவர்கள் ஆலயத்தில் திருமணம் செய்ய: எங்கே தொடங்குவது, என்ன கேட்பார்கள்

சேர்ந்து வாழும் ஜோடிகள் எங்களிடம் வந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்பது இதைத்தான்: "ஃபாதர் எங்களுக்குக் கல்யாணம் பண்ணி வைப்பாரா?" பண்ணி வைப்பார். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தில் திருமணத் தடைகள் என்று ஒரு பட்டியல் உண்டு. வயது, முந்தைய திருமண பந்தம், நெருங்கிய இரத்த உறவு, குருப்பட்டம், துறவற வார்த்தைப்பாடு என்று அது போகும். மணமாகாமல் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள் ஒருவரையொருவர் மணக்கக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. சட்டம் தடுக்காத எவரும் மணம் முடிக்கலாம் என்று 1058-ஆம் பிரிவு சொல்கிறது. குழந்தை இருந்தாலும் அப்படித்தான்.

நானும் என் கணவரும் அந்த வழியாக வந்தவர்கள்தான். எங்கள் மகள் ஓடியாடிப் பேசத் தொடங்கிய பிறகுதான் பீடத்தின் முன் நின்றோம். இப்போது எங்கள் பங்கில், அதாவது எங்கள் ஆலயத்தைச் சேர்ந்த இறைமக்கள் சமூகத்தில், திருமணத் தயாரிப்பு வகுப்பு எடுப்பவர்களுக்கு உதவியாக இருக்கிறோம். இங்கே எழுதுவது முழுக்கக் கத்தோலிக்க முறை. மற்ற சபைகளில் நடைமுறை வேறு, அங்கே உங்கள் போதகரிடம்தான் கேட்க வேண்டும்.

கூச்சப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தியைச் சொல்வேன். 2014 செப்டம்பர் 14 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனித பேதுரு பேராலயத்தில் 20 ஜோடிகளுக்குத் தானே திருமணம் நடத்தி வைத்தார். அவர்களில் ஏற்கெனவே சேர்ந்து வாழ்ந்தவர்களும் இருந்தார்கள், பிள்ளை பெற்றவர்களும் இருந்தார்கள்.

முதல் சந்திப்பு

மண்டபம் பிடிப்பதற்கு முன்பு, தேதி குறிப்பதற்கு முன்பு, பங்குத்தந்தையைப் போய்ப் பாருங்கள். பல மறைமாவட்டங்களில் குறைந்தது ஆறு மாதத்துக்கு முன்பே வரச் சொல்வார்கள். உங்களில் ஒருவர் குடியிருக்கும் பங்குதான் உங்கள் இடம். ஒரு மாதம் அங்கே தங்கியிருந்தாலே போதும். வேறு ஆலயத்தில் நடத்த ஆசையென்றால் அனுமதி வாங்கிக் கொள்ளலாம்.

போன உடனே உண்மையைச் சொல்லுங்கள். விண்ணப்பப் படிவத்தில் மணமகன் முகவரி, மணமகள் முகவரி என்று இரண்டு கட்டம் இருக்கும். பலர் திணறுவது அங்கேதான். ஒருவர் தன் வீட்டு முகவரியையும் மற்றவர் அம்மா வீட்டு முகவரியையும் எழுதிவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். எந்தப் பங்கு உங்களை விசாரிக்க வேண்டும், எங்கே ஓலை (ஆலயத்தில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) வாசிக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த முகவரியை வைத்துத்தான் முடிவாகும். நாங்கள் இரண்டு கட்டத்திலும் ஒரே முகவரியை எழுதினோம். ஃபாதர் அதைப் பார்த்தார், "எத்தனை வருஷமா?" என்று கேட்டார், அப்புறம் "குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆகிவிட்டதா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அதன் பிறகு பேச்சு எங்கள் திருமணத்தைப் பற்றியே போனது.

எங்காவது ஒரு பங்கில் முகம் கோணலாம், அதையும் மறைக்க மாட்டேன். அப்போது கோபித்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். மறைமாவட்டக் குடும்பநலப் பணிக்குழுவை அணுகுங்கள். மணம் முடிப்பது உங்கள் உரிமை, காரணமில்லாமல் யாரும் மறுக்க முடியாது.

நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள்

இருவரும் இதுவரை எந்தத் திருமணமும் செய்யவில்லை என்றால் விஷயம் எளிது. மற்ற எல்லோருக்கும் நடப்பது போலவே உங்களுக்கும் நடக்கும்.

பதிவுத் திருமணம் மட்டும் செய்திருந்தால் கவனமாகக் கேளுங்கள். கத்தோலிக்கர் ஒருவர் ஆயரின் விலக்கு (சட்டத்திலிருந்து விலக்களிக்கும் அனுமதி) இல்லாமல் பதிவு அலுவலகத்தில் மட்டும் மணம் முடித்திருந்தால், அரசுக்கு அது திருமணம், திருச்சபைக்கு இன்னும் இல்லை. ஆகவே ஆலயத்தில் நடப்பது பழையதற்கு ஆசீர்வாதம் என்று நினைக்காதீர்கள். புதிதாகச் சம்மதம் சொல்ல வேண்டும், குருவும் இரண்டு சாட்சிகளும் முன்னால் இருக்க வேண்டும். துணைவர் ஒருவர் "ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது, மறுபடி எதற்கு?" என்று பிடிவாதமாக மறுத்தால், இன்னொரு வழியும் உண்டு. பழைய சம்மதம் இருவரிடமும் இன்னும் நிலைத்திருந்தால், மறைமாவட்ட ஆயர் அந்தத் திருமணத்தை மறுபடி சடங்கு இல்லாமலேயே தொடக்கத்திலிருந்து செல்லுபடியாக்கலாம். இதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. பங்குத்தந்தையிடம் கேட்டால் விளக்குவார்.

ஒருவருக்கு முன்பு வேறொருவரோடு திருமணம் ஆகியிருந்தால் தேதியைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள். நீதிமன்ற விவாகரத்து மட்டும் போதாது. பழைய துணை இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ் வேண்டும். உயிரோடு இருந்தால் அந்தத் திருமணம் செல்லாதது என்று மறைமாவட்டத் தீர்ப்பாயம் சொல்ல வேண்டும். 2015-க்கு முன்பு இரண்டு தீர்ப்பாயங்கள் ஒரே தீர்ப்பைத் தர வேண்டியிருந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் அதை மாற்றினார், இப்போது மேல்முறையீடு இல்லையென்றால் ஒரு தீர்ப்பே போதும். அப்படியும் நாளாகும். முந்தையது ஆலயத்துக்கு வெளியே மட்டும் நடந்த கத்தோலிக்கரின் திருமணம் என்றால், வழக்காக நடத்தாமல் ஆவணங்களை வைத்தே முடித்துவிடுவார்கள்.

துணைவர் ஞானஸ்நானம் பெறாதவர் என்றால் மதம் மாறியாக வேண்டும் என்று பலர் பயப்படுகிறார்கள். தேவையில்லை. ஆயரின் விலக்கு வேண்டும். கத்தோலிக்கத் தரப்பில் இருப்பவர் தன் விசுவாசத்தைக் காத்துக்கொள்வதாகவும், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து அந்த விசுவாசத்தில் வளர்க்கத் தன்னால் முடிந்ததைச் செய்வதாகவும் வாக்குக் கொடுக்க வேண்டும். மற்றவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும், அவர் எந்த வாக்கும் தர வேண்டியதில்லை.

காகிதங்கள்

ஞானஸ்நானச் சான்றிதழ் புதிதாக எடுத்ததாக இருக்க வேண்டும். பொதுவாக ஆறு மாதத்துக்குள் எடுத்ததைக் கேட்பார்கள். பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் பழைய சான்றிதழ் உதவாது. காரணம் இதுதான்: ஒருவர் ஆலயத்தில் மணம் முடித்தால் அவருடைய ஞானஸ்நான ஏட்டில் அதைக் குறித்து வைப்பார்கள். புதிய நகலில் அந்தக் குறிப்பு இல்லை என்றால் அவர் மணமாகாதவர் என்பதற்கு அதுவே அத்தாட்சி. ஏடு தொலைந்துபோயிருந்தால் ஞானஸ்நானத்தை நேரில் பார்த்த நம்பகமான ஒருவரின் சாட்சியை ஏற்றுக்கொள்வார்கள். உறுதிபூசுதல் என்ற அருட்சாதனத்தைப் பெறாதவர்கள், பெரிய சிரமம் இல்லையென்றால் திருமணத்துக்கு முன் பெற்றுக்கொள்வது நல்லது.

விசாரணை

பங்குத்தந்தை இருவரையும் தனித்தனியாக அழைத்துப் பேசுவார். சேர்ந்து வாழ்கிறவர்கள் இதற்குத்தான் மனதைத் தயார் செய்ய வேண்டும். யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா, வாழ்நாள் முழுக்க என்று நினைக்கிறீர்களா, வேறு யாரையும் சேர்க்காமல் இவரோடு மட்டும் என்று நினைக்கிறீர்களா, பிள்ளைகளை ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்பார். என்னிடம் ஃபாதர் கேட்டதில் ஒரு கேள்வி இன்றைக்கும் நெஞ்சில் நிற்கிறது: "குழந்தை இல்லையென்றாலும் இவரைத்தான் கட்டிக்கொள்வாயா?" பதில் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது. ஆமாம் என்றேன், அது உண்மை. ஆனால் அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

வகுப்புக்கு வரும் ஜோடிகளிடம் இதைத்தான் அழுத்தி அழுத்திச் சொல்கிறேன். வீட்டு வாடகை, பள்ளிக்கூடம், பெற்றோரின் வற்புறுத்தல், வயிற்றில் இருக்கும் பிள்ளை, இவை எல்லாம் சேர்ந்து உங்களைப் பீடம் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்துவிடும். பயத்தாலோ கட்டாயத்தாலோ சொன்ன சம்மதம் திருமணத்தைச் செல்லாததாக்கிவிடும். கர்ப்பம் என்பதற்காக மட்டும் அவசரப்படாதீர்கள். பிரசவம் ஆகட்டும், மனம் நிதானப்படட்டும் என்று குரு சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. பெற்றோருக்கு மணமாகவில்லை என்பதற்காகக் குழந்தையின் ஞானஸ்நானத்தை மறுக்க மாட்டார்கள். விசுவாசத்தில் வளர்ப்பீர்கள் என்ற நம்பிக்கைதான் அவர்களுக்கு வேண்டும். நீங்கள் பிறகு மணம் முடித்ததும் பிள்ளை முறையான பிள்ளை என்று திருச்சபைச் சட்டமே சொல்லிவிடுகிறது.

"நாங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்தாயிற்று, அது போதாதா?" என்று கேட்பவர்களும் உண்டு. நல்ல கேள்வி. ஒரு காலத்தில் போதும். இரகசியமாகச் சம்மதம் சொன்னாலே திருமணம் செல்லும் என்று இருந்தது. பிறகு ஒருவர் "நான் சொல்லவே இல்லை" என்று கைவிரித்தால் மற்றவர் நடுத்தெருவில் நின்றார். அதனால்தான் 1563-ல் ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் குருவும் சாட்சிகளும் வேண்டும் என்று கட்டாயமாக்கியது. உங்கள் வாக்கை நாலு பேர் கேட்டிருக்க வேண்டும் என்பது உங்கள் பாதுகாப்புக்குத்தான்.

பாவசங்கீர்த்தனம்

மணமாகாமல் தம்பதியாக வாழ்வதைத் திருச்சபை சரியென்று சொல்வதில்லை, குருவும் அதைச் சொல்வார். திருமணத்துக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை வாங்க வேண்டும் என்று வலியுறுத்துவார். திருமண நாள் வரை தனித்தனியாக இருக்கச் சொல்லலாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் யார் எங்கே போவது? அப்படிப்பட்டவர்களிடம் ஒரே வீட்டில் தனித்தனி அறையில் படுத்துக்கொள்ளச் சொல்வார்கள். நாங்களும் அப்படித்தான் இருந்தோம், நான் மகளோடு, அவர் கூடத்தில். முடிந்தால் செய்யுங்கள். பழகிப்போன வாழ்க்கைக்கும் திருமணத்துக்கும் நடுவில் ஒரு எல்லைக்கோடு விழுகிறது.

அந்த நாள்

அமைதியாகப் பத்துப் பேரோடு செய்தாலும் சரி, எல்லோரையும் கூப்பிட்டுச் செய்தாலும் சரி, திருமணச் சடங்கு ஒன்றுதான். திருப்பலிக்குள் வைப்பதா, தனியாக வைப்பதா என்று குருவோடு பேசிக்கொள்ளுங்கள். ஒருவர் ஞானஸ்நானம் பெறாதவர் என்றால் திருப்பலி இல்லாமல்தான் வைப்பார்கள். ஏற்கெனவே மோதிரம் போட்டிருந்தால் முதல் நாளே கழற்றிச் சாட்சியிடம் கொடுத்துவிடுங்கள், அதையே குரு மந்திரித்துத் தருவார். பிள்ளைகளை ஓரமாக உட்கார வைக்காதீர்கள். வாசகம் வாசிக்கலாம், காணிக்கைப் பவனியில் வரலாம். எங்கள் மகள் மோதிரத் தட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

முடிந்ததும் ஏட்டில் கையெழுத்துப் போடும்போது பெயர்களின் எழுத்துகளைச் சரிபாருங்கள், பின்னால் திருத்துவது பெரிய வேலை. சான்றிதழில் இரண்டு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். அரசுப் பதிவு தனியாகச் செய்ய வேண்டுமா என்பது நீங்கள் இருக்கும் நாட்டைப் பொறுத்தது, அதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். உங்களுக்கு ஞானஸ்நானம் நடந்த பங்குக்குத் தகவல் அனுப்புவது திருமணம் நடந்த பங்கின் பொறுப்பு. சில மாதம் கழித்து அங்கே ஒரு போன் போட்டு, ஏட்டில் ஏறிவிட்டதா என்று கேளுங்கள். விட்டுப்போயிருந்தால் திருமணம் நடந்த பங்கிலேயே சொல்லி மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.