குறை டர்போவிலா, கியரிலா?

கொல்லிமலைக்குக் காரவள்ளிப் பக்கமிருந்து ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். புதிதாக வாங்கிய ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் காரில் நான்கு பேரோடு, ஏசியும் ஓட, பத்துப் பன்னிரண்டு வளைவு தாண்டியிருப்பேன். அடுத்ததையும் செகண்ட் கியரிலேயே வளைத்தேன். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் முள் 1,200-க்கு இறங்கியது. ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தும் வண்டி இரண்டு உதறு உதறி அணைந்துவிட்டது. பின்னால் பஸ், ஹாரன், பிள்ளைகளின் அலறல். ஊர் திரும்பியதும் டர்போவில் கோளாறு என்று மெக்கானிக்கிடம் விட்டேன். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தவர், "வண்டி நல்லாத்தான் இருக்கு சார், நீங்கதான் பழைய வண்டி நெனப்புலயே ஓட்டுறீங்க" என்றார்.

அவர் சொன்னது சரி. டர்போ என்பது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி. எஞ்சினிலிருந்து வெளியேறும் புகைதான் அதைச் சுழற்றுகிறது. ஆர்பிஎம் குறைந்தால் புகையும் குறைவு. அந்த நேரத்தில் கையில் இருப்பது டர்போ இல்லாத ஒரு லிட்டர் எஞ்சின்தான். எந்த ஆர்பிஎம்மில் இழுவை முழுசாகக் கிடைக்கும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஹூண்டாய் வென்யூவின் 1.0 டர்போவில் 172 என்எம் (நியூட்டன் மீட்டர், இழுவையின் அளவு) இழுவை 1,500-லேயே வந்துவிடும். மாருதி ஃபிராங்க்ஸின் 1.0 டர்போவில் 147.6 என்எம் வர 2,000 ஆக வேண்டும். பழைய ஸ்விஃப்ட் டீசல் ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 2,000 வரை தூங்கும், அப்புறம் முதுகில் கை வைத்துத் தள்ளும்.

எனவே முதல் தவறு, முள் 1,500-க்குக் கீழே கிடக்கும்போது கியரை இறக்காமல் ஆக்சிலேட்டரை மட்டும் மிதிப்பது. மிதிக்க மிதிக்க எஞ்சின் திணறுமே தவிர வேகம் வராது. நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் டர்போ எஞ்சின்களில் இதற்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஸ்பார்க் ப்ளக் பொறி விடுவதற்கு முன்பே உள்ளே தீப்பிடிக்கும். எல்எஸ்பிஐ (லோ ஸ்பீட் ப்ரீ இக்னிஷன்) என்பார்கள். பலமாக நடந்தால் பிஸ்டனே உடையும். 2020-இல் வந்த ஏபிஐ (அமெரிக்கன் பெட்ரோலியம் இன்ஸ்டிட்யூட்) எஸ்பி தர எஞ்சின் ஆயில் இதையும் மனத்தில் வைத்துத் தயாரானது. மேனுவலில் சொன்ன தரத்தை விட்டு இருநூறு ரூபாய் மிச்சம் என்று வேறு ஆயில் ஊற்றாதீர்கள்.

என்னைக் கேட்டால், உயிருக்கே உலை வைப்பது ஓவர்டேக்கில் செய்யும் தவறுதான். இருவழிச் சாலையில் லாரிக்குப் பின்னால் ஐந்தாவது கியரில் 60-இல் போகிறீர்கள். வலப்பக்கம் வெளியே வந்த பிறகு மிதிக்கிறீர்கள். டர்போ விழித்துக்கொள்ள இரண்டு வினாடி ஆகிறது என்று வையுங்கள். அதற்குள் நீங்கள் 33 மீட்டர் போயிருப்பீர்கள், எதிரே அதே வேகத்தில் வருபவரும் 33 மீட்டர் நெருங்கியிருப்பார். லாரியின் பின்பக்க விளக்கு மட்டும் அதே இடத்தில் இருக்கும். லாரிக்குப் பின்னால் இருக்கும்போதே மூன்றாவதுக்கு இறக்கி, முள் 2,000-ஐத் தாண்டிய பிறகு வெளியே வாருங்கள். முந்தி முடித்ததும் மறுபடி ஐந்தாவது போட்டுக்கொள்ளலாம்.

மீட்டரில் மேல்நோக்கி அம்புக்குறி காட்டி கியரை ஏற்றச் சொல்லும் வண்டிகள் உண்டு. அது மைலேஜுக்காகச் சொல்வது. சமதளத்தில் காலி வண்டிக்கு அது சரி, மேம்பாலம் ஏறும்போது கண்டுகொள்ள வேண்டாம்.

டர்போ விழித்துக்கொள்ள ஆகும் இந்தத் தாமதத்தை லேக் என்பார்கள். மலையேற்றத்தில் பலர் அதைச் சமாளிக்க, கிளட்சைப் பாதி மிதித்தபடியே ஏறுவார்கள். எரிந்த வாடை மூக்கில் ஏறும்போது கிளட்ச் பிளேட் தேய்ந்துகொண்டிருக்கும். செங்குத்தான வளைவென்றால், அதற்கு முன்பே நடை வேகத்துக்கு வந்து ஃபர்ஸ்ட் போடுவதில் வெட்கம் என்ன?

அதற்காக எல்லாப் பழியையும் ஓட்டுபவர் தலையில் போடவும் முடியாது. நேற்று வரை நன்றாக இழுத்த வண்டி, அதே கியரில் அதே ஏற்றத்தில் இன்று இழுக்கவில்லை என்றால் அது லேக் இல்லை. டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் கிழிந்திருக்கலாம், கிளாம்ப் நழுவியிருக்கலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். மிதிக்கும்போது 'உஸ்' என்று காற்றுப் போகும் சத்தம் கேட்டால் ஹோஸைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இதையெல்லாம் பார்க்காமல், எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றிப் பலம் கூட்டும் ரீமேப்புக்குப் பணம் கட்டுபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. ரீமேப்பில் கூடுகிற பலம் பெரும்பாலும் டர்போ விழித்த பிறகுதான் தெரியும், கீழே உள்ள திணறல் அப்படியே இருக்கும். வாரண்டியும் போகக்கூடும்.

இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், ஷோரூம்காரர் பைபாஸுக்குக் கூட்டிப்போய் 100-இல் பறக்கவிடுவதில் மயங்காதீர்கள். வீட்டிலிருந்து மூன்று பேரை ஏற்றி, ஏசியைப் போட்டு, நெரிசல் நேரத்தில் ஒரு மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில் நிறுத்தி எடுத்துப் பாருங்கள்.